கடைசி வீட்டு அக்காவின் ஓட்டு

என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்குகிறது. பத்துக் கிலோ அரிசிச் சாக்கை வெட்டித் தைத்த பை. கைப்பிடிக்கு நைலான் கயிறு. அந்தச் சாக்கின் மேல் ஒரு வேட்பாளர் சிரிக்கிற படம் அச்சடித்திருந்தது. தைத்தவர் சாக்கைத் திருப்பிப் போட்டுத் தைத்துவிட்டார். முகம் உள்ளே போய்விட்டது. வெளியே வெறும் வெள்ளை. சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பல் வரிசை மட்டும் லேசாகத் தெரியும். பைக்குள் ஒரு கடிதம் இருக்கிறது. என் பெயருக்கு வந்த கடிதம் இல்லை. தைத்தவரின் பெயருக்கு வந்தது. அவர் அதைப் பார்த்ததே இல்லை.

அவரைக் கடைசி வீட்டு அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மலேசியாவில் கிள்ளானுக்கு வெளியே எங்கள் தோட்டம். செம்பனைத் தோட்டத்தை வீடு கட்டும் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். தொழிலாளர்கள் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளை மட்டும் இடிக்காமல் விட்டிருந்தார்கள். எதிரே எங்களுக்கென்று மாடி வைத்த வரிசை வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. யார் யாருக்கு எந்த வீடு என்று ஒரு பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியல் கட்சிக் கிளைத் தலைவரிடம் இருந்தது. குழந்தைக்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும் என்றாலும் அவர்தான். பள்ளிக்கூட உதவித் தொகை, சமூகநலக் காசு, சக்கர நாற்காலி, எல்லாவற்றுக்கும் அவர் கையெழுத்து வேண்டும். நான் அவருடைய வேன் ஓட்டுநர். ஆறாம் வகுப்போடு நின்றவன். அதிகம் பேசமாட்டேன். அதனால்தான் என்னை வைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். வேனுக்குள் அவர் போனில் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். வெளியே போகாது.

அக்காவின் வீடு லயத்தின் கடைசி முனை. அவரும் அவர் கணவரும் மட்டும். பிள்ளை இல்லை. கணவர் உரம் போடுகிற வேலையிலிருந்தவர். நுரையீரல் கெட்டு ஒரு வருடமாகப் படுக்கையில் கிடந்தார். அவர் இறந்த வாரம் நல்ல மழை. லயத்துக்கு முன்னால் ரோடு கிடையாது, செம்மண்தான். பிண வண்டி பாதி தூரம் வந்து சேற்றில் புதைந்துவிட்டது. வண்டிக்குச் சொல்லி ஏற்பாடு செய்தவர் தலைவர். வெள்ளைக் கால்சட்டையோடு வந்திருந்தார். வண்டி நகராது என்று தெரிந்ததும் அவரே இறங்கிப் பாடைக்குத் தோள் கொடுத்தார். முழங்கால் வரை சேறு. நான் அவருக்குப் பின்னால் தூக்கினேன். அக்கா வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவரைப் பற்றி இனி நான் எழுதப்போவது நல்லதாக இருக்காது. அதனால் இதை முதலில் எழுதிவிட்டேன்.

எங்கள் சட்டமன்ற உறுப்பினர் அதற்கு முந்திய மாதம்தான் இறந்திருந்தார். இடைத்தேர்தல் வந்தது. உறுப்பினரை ஒய்.பி. என்போம். லயத்தில் கிண்டலாகப் பேசிக்கொண்டார்கள். "ஒய்.பி. உசுரோட இருந்தப்ப ஒரு பல்பு வரல. செத்தாரு, ரோடே வருது லா." உண்மைதான். தார் லோரி வந்தது. வேட்பாளரின் கார் எதுவரை வருமோ அதுவரை தார் போட்டார்கள். எட்டாவது வாசலோடு ரோடு நின்றது. என் வாசல் பதினொன்று. அக்காவுடையது இருபத்திரண்டு. மிச்சத்துக்கு எப்போது என்று ஒருவர் கேட்டார். "ஜெயிச்சா மிச்சம்," என்றார் தலைவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு அரிசி வந்தது. அந்தச் சிரிக்கிற சாக்கு. வீட்டுக்கு ஒன்று. நான் வேனில் ஏற்றி வாசல் வாசலாக இறக்கினேன். கூடவே ஒரு பெயர்ப் பட்டியல் கொடுத்தார்கள். நமக்குப் போடுகிறவருக்கு வெள்ளை. போடாதவருக்குக் கறுப்பு. தெரியாவிட்டால் சாம்பல். நான் எழுத வேண்டியதில்லை. பெயருக்குப் பக்கத்தில் மூன்று கட்டம் இருந்தது, ஒன்றில் கோடு போட்டால் போதும். எப்படித் தெரிந்துகொள்வது என்று தலைவரைக் கேட்டேன். "சாக்க நீட்டு. ரெண்டு கையால வாங்குனா வெள்ள. பேசிக்கிட்டே வாங்குனா சாம்பல். வாங்கலன்னா கேக்கவே வேணாம், கறுப்பு," என்றார். இதற்கு முன் எத்தனையோ தேர்தலில் இப்படித்தான் பார்த்தார்களாம். பெரும்பாலும் சரியாக இருக்குமாம்.

அக்காவின் வாசலுக்குப் போனபோது கணவர் இறந்து ஐந்தாம் நாள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே படத்துக்கு முன் விளக்கு எரிந்தது. சாக்கைத் தோளிலிருந்து இறக்கினேன். அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம் தம்பி. பதினாறு முடியல. துக்க வீட்டுல வெளி அரிசி வாங்கக்கூடாது. தலைவருகிட்ட சொல்லு, காரியம் முடிஞ்சதும் வாங்கிக்கிறேன்னு."

சரி என்றேன். சாக்கை மீண்டும் தூக்கி வேனில் வைத்தேன். பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வாங்காத வீடு கறுப்பு. காரணம் எழுத அதில் கட்டம் இல்லை. நான் வெள்ளையில் கோடு போட்டேன். நல்லது செய்வதாக நினைத்தேன். தலைவரிடம் காரணத்தைச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். அன்று வேனில் அவர் போனிலேயே இருந்தார். பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

ஓட்டுப் போடும் நாளில் தமிழ்ப் பள்ளிக்கு வெளியே சாலையின் இரண்டு பக்கமும் கட்சிகளின் கூடாரம். எந்தக் கூடாரத்துக்குப் போனாலும் பெயரைத் தேடி, எந்த அறை, எத்தனையாவது எண் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பார்கள். துண்டு இல்லாமலும் உள்ளே போகலாம். ஐசி, அதாவது அடையாள அட்டை, இருந்தால் போதும். ஆனால் எங்கள் ஊரில் யாரும் அப்படிப் போவதில்லை. ஓட்டு ரகசியம். கூடாரம் ரகசியம் இல்லை. யார் எந்தக் கூடாரத்தில் துண்டு வாங்குகிறார் என்று எல்லாக் கண்ணும் பார்க்கும். காலையில் எங்கள் கூடாரத்தில் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டி ஆரம்பித்தோம். தலைவர் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அக்கா பத்து மணிக்கு வந்தார். பன்னிரண்டாம் நாள். துக்கத்திலிருப்பவர் வெளியே வருவதே இல்லை. வந்தார். தலையில் முக்காடு. தனியாக நடந்து வந்தார். எங்கள் கூடாரம் நெருங்கியதும் சாலையின் ஓரத்துக்கு ஒதுங்கினார். நாங்கள் இருக்கும் பக்கம் பார்க்காமல் குனிந்துகொண்டு நேராகப் பள்ளி வாசலுக்குப் போனார். கேட்டில் போலீஸிடம் ஐசியைக் காட்டினார். உள்ளே போய்விட்டார். கூடாரத்தில் எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது.

"பாத்தியா," என்றார் ஒருவர்.

தலைவர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.

எனக்குக் காரணம் தெரியும். சாமி கும்பிட்டு ஆரம்பித்த இடம். தீட்டு உள்ளவர் அதற்குள் கால் வைத்தால் அவர்களுக்கு ஆகாது என்று ஒதுங்கிப் போனார். ஜெயிக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஒதுங்கிப் போனார். அந்தக் கூடாரத்தில் இருந்த எல்லோரும் தமிழர்கள். எல்லோர் வீட்டிலும் சாவு நடந்திருக்கிறது. இருந்தும் அன்றைக்கு ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. தேர்தல் நாளில் கண் வேறு மாதிரி பார்க்கிறது.

பதினொரு மணிக்கு நானும் உள்ளே போனேன். எங்கள் கூடாரத்துத் துண்டு கையில் இருந்தது. மறைப்புக்குப் பின்னால் நின்றபோது எட்டாவது வாசலில் நின்றுபோன தார் ரோடு ஞாபகம் வந்தது. மற்றவனுக்குப் போட்டேன். பெரிய யோசனை எதுவும் இல்லை. வெளியே வந்து கூடாரத்தில் எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

வேட்பாளர் ஜெயித்துவிட்டார். அதனால் எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஆனால் ஓட்டு எண்ணுவது அறை வாரியாக. எங்கள் லயத்து ஆட்கள் அனைவரும் ஒரே அறை. அதில் வெளியாட்கள் ஏழெட்டுப் பேர்தான். அவர்களையும் தலைவருக்குத் தெரியும். அதனால் எங்கள் லயம் எப்படிப் போட்டது என்று கணக்குப் பார்க்க முடியும். பார்த்தார்கள். என் கோட்டுப்படி வெள்ளை எத்தனையோ, அதில் ஒன்பது ஓட்டு குறைந்தது.

மறுநாள் காலை வேனில் ஏறியதும் தலைவர் கதவைச் சாத்தினார். "வண்டிய எடுக்காத," என்றார். எஞ்சினை நிறுத்தினேன். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. வெயில் உள்ளே இறங்கியது.

"யாருடா அந்த ஒம்போது பேரு?"

நான் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேல கேக்குறாங்க. வீடு ஒதுக்குற கடிதமெல்லாம் ரெடி. திங்கிறது நம்ம கையில, கடிக்கிறதும் நம்ம கையையான்னு கேக்குறாங்க. பேரு குடுக்காம கடிதம் வராது. ஒருத்தருக்கும் வராது."

நான் கழுத்து வியர்வையைத் துடைத்தேன்.

"கடைசி வீடு," என்றார். "அரிசியும் வாங்கல, துண்டும் வாங்கல. நீ வெள்ளையில கோடு போட்டிருக்க. பாவம் பாத்துப் போட்டியா?"

அப்போது நான் இரண்டு விஷயம் சொல்லியிருக்க வேண்டும். அக்கா ஏன் ஒதுங்கினார் என்பது ஒன்று. அந்த ஒன்பதில் ஒருவன் நான் என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டுமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் ஒன்றைச் சொன்னால் மற்றதும் வாயில் வந்துவிடும் என்று பயந்தேன். அக்கா இல்லை என்றால் வேறு யார் என்று கேட்பார். எனக்கு மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள். எதிரே எழும்பி நின்ற வீட்டில் என் மனைவி ஏற்கெனவே எந்தச் சுவரில் சாமிப் படம் மாட்டுவது என்று முடிவு செய்திருந்தாள். நான் சும்மா இருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "ம்," என்றார். "வண்டிய எடு."

பதினேழாம் நாள் அந்த அரிசிச் சாக்கை அக்காவிடம் கொண்டுபோனேன். வேனின் பின்னால் அது கிடந்துகொண்டே இருந்தது, எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "மறக்காம கொண்டாந்தியே தம்பி," என்றார். தேநீர் போட்டுத் தந்தார். குடித்தேன். அவர் பெயர் ஏற்கெனவே மேலே போய்விட்டது என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. புது வீட்டில் கீழே ஒரு அறை இருக்குமா, மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கிறது என்று கேட்டார். இருக்கும் என்றேன்.

கடிதம் கொடுக்கும் விழாவுக்குப் பள்ளித் திடலில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். ஜெயித்த புது ஒய்.பி. கையால் கடிதம், ஒரு போட்டோ. என் பெயர் வந்தது. போனேன், வாங்கினேன், போட்டோவுக்கு நின்றேன். அக்கா மூன்றாவது வரிசை. புதுச் செருப்பு போட்டு வந்திருந்தார். வாசித்து முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக்கு எழுந்த பிறகும் அவர் எழவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, எம் பேர வாசிச்சாங்களா? எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

"அடுத்த தடவ வரும்க்கா," என்றேன்.

அடுத்த தடவை என்று ஒன்று இல்லை. அக்கா தலைவர் வீட்டுக்கு இரண்டு முறை போனார். இரண்டு முறையும் அவர் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னார். ஒரு முறை அதைச் சொன்னவன் நான். இரண்டு மாதத்தில் லயத்தை இடித்தார்கள். கடைசி வீட்டைத்தான் முதலில் இடித்தார்கள், மண்வாரி இயந்திரம் அந்தப் பக்கமாக வந்ததால். அக்கா ஒரு தகரப் பெட்டியோடும் இந்தப் பையோடும் போனார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடை அடுக்களையில் வேலை என்று பிறகு கேள்விப்பட்டேன். கடைக்காரர்களே மேல்மாடியில் தங்க இடம் கொடுத்தார்களாம். நான் போகவில்லை.

வருடங்கள் ஓடின. ஆட்சி மாறியது. தலைவரின் கட்சி எங்கள் தொகுதியில் தோற்றது. வேனை விற்றுவிட்டார். நான் காய்கறி லோரிக்குப் போனேன். கோலாலம்பூர் கடைகளுக்குக் காலையில் இறக்கிவிட்டு வர வேண்டும். ஒரு நாள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பின் சந்தில் கூடைகளை இறக்கினேன். ஒரு கடையின் பின்வாசலில், கவிழ்த்துப் போட்ட பால் பெட்டி மேல் அக்கா உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கதவு ஆணியில் பை தொங்கியது.

"என்ன தம்பி, இப்பவும் மூட்ட தூக்குற வேலதானா?" என்றார். சிரித்தார்.

அதன் பிறகு வாரம் மூன்று நாள் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். கூடையை இறக்குவேன், போய்விடுவேன். நாலு மாதம் அப்படிப் போனது. ஒரு நாள் கூடையைக் கீழே வைக்காமலே சொன்னேன்.

"அன்னைக்கு மாத்திப் போட்டது நாந்தான்க்கா. கேட்டாங்க. நான் வாயத் தொறக்கல. உங்க பேரு போயிருச்சு."

கத்தி நிற்கவில்லை. பயற்றங்காய் ஒரே அளவாக விழுந்துகொண்டிருந்தது. "கூடைய எறக்கி வை, கை வலிக்கும்," என்றார். இறக்கினேன்.

"தலைவருக்குத் தெரியுமா, மாத்திப் போட்டது நீன்னு?"

"தெரியாதுக்கா."

"அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்ற? நான் யாருக்குப் போட்டேன்னு எனக்குத் தெரியும்." கத்தியைக் கீழே வைத்தார். "எம் புருஷன சேத்துல எறங்கித் தூக்குன மனுசன். பன்னண்டாம் நாளு, துக்கத்துக்கு வந்த தூரத்துச் சொந்தக்காரங்க திட்டத் திட்ட அவருக்காகப் போய்ப் போட்டேன். இத்தன வருசமா அந்தாளு என்னைய நன்றி கெட்டவள்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. வீடு போவட்டும். அந்தப் பழிய எடு மொதல்ல. போய்ச் சொல்லு."

அந்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் தலைவர் வீட்டுக்குப் போனேன். சர்க்கரையில் ஒரு கால் போயிருந்தது. சக்கர நாற்காலியில் முன் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்க யாரும் வருவதில்லை போலிருக்கிறது, என்னைக் கண்டதும் மனைவியைக் கூப்பிட்டுத் தேநீர் போடச் சொன்னார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி ஏன் வாங்கவில்லை. கூடாரத்தை விட்டு ஏன் ஒதுங்கினார். நான் எவனுக்குப் போட்டேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான்.

அவர் கோபப்படவில்லை.

"தெரியும்டா," என்றார். "பதினாறு நாளு கணக்கு எனக்குத் தெரியாதா? பாடையத் தூக்குனவனே நாந்தான். உன்னையும் தெரியும். அன்னைக்கு வேன்ல உன் காது செவந்து போச்சு."

"அப்புறம் ஏன் தலைவரே?"

"மேல ஒரு பேரு கேட்டாங்க. யாரு பேருன்னு கேக்கல. உன் பேரக் குடுத்தா வண்டி யாரு ஓட்டுறது? மத்த வீட்டுல நாலு ஓட்டு, அஞ்சு ஓட்டு இருக்கு. அந்தப் பொம்பளைக்கு ஒரு ஓட்டு. பின்னால புள்ள குட்டியும் இல்ல, வந்து கேக்க ஆளும் இல்ல." வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். "ரெண்டு மாசத்துல சரி பண்ணிக் குடுத்துரலாம்னுதான் வச்சிருந்தேன்."

என்னை உள்ளே அனுப்பி ஒரு பழைய ஃபைலை எடுத்து வரச் சொன்னார். அதிலிருந்து ஒரு கடிதத்தை உருவிக் கொடுத்தார். அக்காவின் பெயர், ஐசி எண், வீட்டு எண். கீழே கையெழுத்தெல்லாம் இருந்தது. வீட்டு எண்ணைப் பார்த்தேன். என் வீட்டுக்கு அடுத்த எண். அந்த வீடு விழா முடிந்த மாதமே வேறு யாருக்கோ போய்விட்டது. தோட்டத்தில் ஒரு நாள்கூட இருந்திராத ஆட்கள்.

செவ்வாய்க்கிழமை பின் சந்துக்குப் போனேன். அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். வேலை எதுவும் கையில் இல்லை.

"சொன்னியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. "உங்கள அவரு என்னைக்குமே தப்பா நெனச்சதில்லையாம்க்கா," என்றேன்.

அது உண்மை. அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எழுந்து உள்ளே போனார். ஆணியிலிருந்து பையை எடுத்து, அதில் ஒரு பொட்டலம் முறுக்கை வைத்து என்னிடம் நீட்டினார். "புள்ளைங்களுக்குக் குடு. பைய நீயே வச்சுக்க. எனக்கு வேற இருக்கு," என்றார். நான் இரண்டு கையாலும் வாங்கினேன்.

அதற்கு அடுத்த வருடம் சுங்கை பூலோ ஆஸ்பத்திரியில் அக்கா இறந்துவிட்டார். கடைக்காரர்கள் போன் செய்தார்கள், போனேன். தலைவருக்கும் சொல்லி அனுப்பினேன். மாலை ஒன்று அனுப்பியிருந்தார்.

போன வாரம் எங்கள் வரிசைக்கு ஒரு பெண் வந்தாள். கட்சிச் சட்டை. இப்போது பட்டியல் இல்லை, கைப்பேசிதான். அதிலும் மூன்று நிறம் இருப்பதை எட்டிப் பார்த்தேன். அரிசியைத் திண்டில் வைத்துவிட்டு, "அங்கிள் இங்க ரொம்ப நாளா இருக்கீங்க. பக்கத்து வீடு எப்படி, நமக்கா?" என்றாள். நல்ல பெண்தான். வியர்த்து நின்றாள். தண்ணீர் கொடுத்தேன்.

"தெரியாதும்மா," என்றேன்.

"சும்மா சொல்லுங்க அங்கிள், யாருக்கும் தெரியாது லா."

"தெரியாது."

அவள் கட்டை விரலால் ஏதோ ஒரு நிறத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். பக்கத்து வீட்டுக்கா, எனக்கா என்று பார்க்கவில்லை. அரிசியை உள்ளே எடுத்து வைத்தேன். நல்ல அரிசி. என் மனைவி மதியம் அதைத்தான் உலையில் போட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. இந்த வீட்டில் எந்த அறையில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். கதவைச் சாத்தும்போது பை ஆடியது. கடிதம் உள்ளேதான் இருக்கிறது, அந்தச் சிரிக்கிற முகத்தின் மேல் மடங்கி.